வகுத்தலும் வாத்தியாரின் இடது பக்கமும்

சலூன் நாற்காலியின் பம்ப்பைச் சரிசெய்ததுதான் அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை. உட்காருபவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றினேன். அப்பா டார்ச் பிடித்தார். வெளிச்சம் பம்ப்பைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது.

அப்பா முப்பத்தெட்டு வருடம் முடிதிருத்தினார். அவர் தலையில் மூன்றே முடி. "ரெண்டால வகுத்தா ஈவு ஒண்ணு, மீதி ஒண்ணு" என்று சொல்லி, அந்த மீதியை நடுமண்டையில் படியச் சீவுவார். தினமும்.

'வகு' என்ற சொல் கணக்குக்கு வருவதற்கு முன்னால் தலையில்தான் பிறந்தது என்பது அவர் கட்சி. வகு, வகிர், வகிடு எல்லாம் ஒரே குடும்பம். மனிதன் முதலில் பிரித்தது தன் முடியை. அப்புறம்தான் நிலத்தை, படையை, எண்ணை. சட்டம் வகுக்கிறவனும் வியூகம் வகுக்கிறவனும் சீப்பிடம் பாடம் படித்தவர்கள். ஆதாரம் கேட்டால் சீப்பைக் காட்டுவார்.

கடையில் ஒரு விதி உண்டு. பேசும்போது கத்தரியைத் தொடமாட்டார். காதருகே வேலை, கவனம் சிதறக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் நாற்காலியில் வாயே திறக்கமாட்டார்கள்.

கணக்கு வாத்தியார் திறந்தார். சரிசெய்த நாற்காலிக்கு அவர்தான் முதல் ஆள். வலது பக்கம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"ஏங்க, வகுக்கிறதுன்னா சமமாப் பிரிக்கணும். நீங்க எடுக்கிற வகிடு என்னைக்காவது நடுவுல இருந்திருக்கா?"

கத்தரி மேசைக்குப் போனது.

"சமமாப் பிரிக்கிறது உங்க பள்ளிக்கூடத்து வழக்கம் சார். பிரிச்சாலே வகுத்ததுதான். வகுப்பு வகுப்பாப் பிள்ளைங்களப் பிரிச்சு வச்சிருக்கீங்களே, எல்லா வகுப்புலயும் சமமாவா இருக்காங்க?"

"அகராதியில முதல் அர்த்தம் என்ன போட்டிருக்கு? எண்ணா, முடியா? பாத்திருக்கீங்களா?"

"பாத்துட்டாப் போச்சு. நாளைக்கே நூலகம் போறேன்."

"போய்ட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தத் தலையில கை வைக்கப்படாது."

கழுத்தில் கட்டிய துண்டோடு வெளியேறினார்.

"சார், துண்டு!" என்று கத்திய அப்பா, என்னைப் பார்த்தார். "ஏம்மா இன்ஜினியர், உன் நாற்காலி இறங்கல. ஆளுதான் இறங்கிட்டாரு."

மறுநாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. இதயம்.

துக்கம் கேட்க வாத்தியார் தொப்பியோடு வந்தார். மரியாதைக்காகக் கழற்றினார். வலப்புறம் ஒட்ட வெட்டிய தலை. இடப்புறம் காதை மூடிய முடி. அழுதுகொண்டிருந்த அத்தையின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடுத்து என் மூக்கிலிருந்து. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"வேற கடைக்குப் போயிருக்கலாமே சார்?"

"எப்படிம்மா? இன்னொருத்தன் முடிச்சா உங்கப்பா தோத்ததா ஆயிடாதா?" தொப்பியைச் சுருட்டினார். "அன்னைக்கே நூலகம் போனாரா?"

"இல்ல சார்."

ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டையைத் துழாவினேன். பையில் ஒரு சீப்பும் ஒரு சீட்டும் இருந்தன. சீட்டில் அவர் எழுத்து:

நூலகம். பெரிய அகராதி. வகு.
சார் வீடு. இடது பக்கம். ஜெயிச்சாலும் தோத்தாலும்.
துண்டை மறக்காமல் வாங்கி வரவும்.