பொக்சிங்காரன் பொண்டாட்டி

குருவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்னத் துரை வந்தார். அவருடைய சாமான்களோடு பஞ்சு அடைத்த இரண்டு சோடி தோல் கையுறைகளும் வந்தன. தன் ஊரில் அவர் பொக்சிங் அடித்தவராம். பங்களாவுக்குப் பின்னால் புல்தரையைச் சுற்றிக் கயிறு கட்டி, சாயங்காலமானால் தனியாகக் காற்றைக் குத்திக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அது சலித்துப்போய், எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று கங்காணியிடம் கேட்டார்.

கங்காணி என் புருஷனைத்தான் கூட்டிப் போனார். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்திலேயே தோள் அகலமான ஆள் அவர். நான் அப்போது என் மூத்த பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தேன். மற்றப் பெண்களோடு நானும் போய் வேலிக்கு வெளியே நின்றேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

துரை சுற்றிச் சுற்றி வந்தார். என் புருஷன் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றார். "அடி, அடி" என்று துரை கத்தினார். இவர் ஒரே ஒரு குத்துதான் விட்டார். துரை மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பெண்கள் எல்லாரும் "ஐயோ" என்றோம். அடுத்த நிமிஷம் என் புருஷன் அந்தத் தோல் உறையோடேயே துரை காலில் விழுந்து கிடந்தார்.

துரை கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ நல்லா அடிக்கிற. ஆனா அடிச்சிட்டுக் கால்ல விழுற. இது சரிவராது" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

கூட்டத்தில் நின்ற என் கொழுந்தன் முன்னால் வந்தான். என் புருஷனுக்கு ஒரே தம்பி. ஒல்லியான ஆள். "நான் வர்றேங்க துரை" என்றான். துரை அவனை ஒரே குத்தில் கீழே தள்ளினார். அவன் எழுந்தான். திரும்பவும் தள்ளினார். திரும்பவும் எழுந்து, பல்லெல்லாம் ரத்தமாக இளித்துக்கொண்டு நின்றான். துரைக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து தினமும் பங்களாவுக்குப் போனான். அவன் பெண்சாதி, என் ஓரகத்தி, பக்கத்துக் காம்பிராவில் இருந்தாள். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். பங்களாவிலிருந்து அவன் கொண்டுவரும் ரொட்டியின் வாசனை அந்தச் சுவரைத் தாண்டி வரும். என் புருஷன் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். எனக்கு அந்த ரொட்டி கிடைத்திருக்க வேண்டியது என்று தோன்றும்.

பிறகு இரத்தினபுரியிலிருந்து ஒரு மாணிக்கக் கல் வியாபாரி வந்தார். துரையோடு பழக்கமுள்ள முதலாளி. கொழுந்தன் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். அங்கே டிக்கட் வாங்கிப் பார்க்கிற சண்டை. அங்கிருந்து ரங்கூன், பினாங்கு என்று கப்பலேறினான். நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு கப்பலைத் தவிர வேறு கப்பல் அறியாதவர்கள். லயத்துக்கே பேர் மாறிப்போயிற்று. கடைக்குப் போனால், "பொக்சிங்காரன் லயமா?" என்று கேட்டார்கள்.

ஓரகத்தி தோட்டத்திலேயே இருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். ஆனால் எங்களைப் போலவா இருந்தாள்? விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குக் காலில் செருப்போடு வருவாள். கணக்கப்பிள்ளை அவளிடம் மட்டும் "ஆளு எப்ப வர்றான்?" என்று சிரித்துப் பேசுவார். அவள் காம்பிராச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். அரைக்கால் சட்டையோடு, கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கொழுந்தன் அதில் நின்றான். பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்துப் போகும். என் பிள்ளையும் போவான். திரும்பி வந்து, "அம்மா, நம்ம அப்பா படம் ஏன் இல்ல?" என்று கேட்பான். நான் அவனை இழுத்து ஒரு அடி வைப்பேன்.

ஒருமுறை கொழுந்தன் ரங்கூனிலிருந்து பெட்டி நிறையச் சாமான்களோடு வந்தான். "மதினி, இது உங்களுக்கு" என்று எனக்கும் ஒரு பட்டுச்சேலை கொடுத்தான். சந்தன நிறம். அவளுக்குக் கிளிப்பச்சை. அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து என் சேலையோடு அவள் காம்பிராவுக்குள் போய் இரண்டு சேலையின் கரையையும் விரலால் அளந்து பார்த்தேன். அவளுடையது ஒரு விரல் கூட. அந்த ஒரு விரலை நான் பல வருஷம் மறக்கவில்லை. என் புருஷனுக்கு ஒரு கைவிளக்குக் கொண்டுவந்திருந்தான். அவர் அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார், ஏற்ற மாட்டார். "தம்பி கொண்டாந்தது" என்பார். அவருக்குக் கோபமே வராதது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அடுத்த வருஷம் இரத்தினபுரியில் கார்னிவல் போட்டார்கள். அதில் பொக்சிங் உண்டு, மணிலாவிலிருந்து ஒருத்தன் வருகிறான், அவனோடு நம்ம ஆள் சண்டை போடப்போகிறான் என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. ஓரகத்தி என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்களும் வாங்கக்கா. நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. தனியாப் போகப் பயமா இருக்கு."

"உனக்கென்ன பயம்? உன் புருஷன்தானே அடிக்கப் போறாரு" என்றேன்.

ஆனாலும் போனேன். நல்ல மனதோடு போகவில்லை. அவன் விழுவதை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சந்தனச் சேலையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். அவள் கிளிப்பச்சை.

கூடாரத்தில் பெண்களுக்குக் கயிறு கட்டித் தனி இடம். சிங்களப் பெண்கள் சிலர், நாங்கள் இரண்டு பேர். எதிர்ப்புறம் ஆம்பிளைகள் கூட்டத்தில் எங்களோடு வந்திருந்த என் புருஷன் உட்கார்ந்திருந்தார். கல் முதலாளி முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். ஓரகத்தி மடியில் ஒரு பொட்டலம் நிலக்கடலை.

மணிலாக்காரன் குள்ளம். பையன் மாதிரி முகம். மணி அடித்ததும் அவன் கொழுந்தனை நெருங்கிவிட்டான், பிறகு விலகவே இல்லை. நம்ம ஆள் கையை நீட்டுவதற்குள் அவன் இரண்டு குத்து விட்டான். முதல் அடி விழுந்தபோது, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளே இனித்தது. அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்கத் திரும்பினேன். அவள் அழவில்லை. கடலையை ஒவ்வொன்றாக உடைத்து, தோலை ஊதிவிட்டு, மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் ஒன்றுகூடப் போடவில்லை. கண்ணை அவனை விட்டு எடுக்கவும் இல்லை.

கொழுந்தனுக்குப் புருவம் கிழிந்தது. மணிலாக்காரன் அந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்தினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. "கஹபன், கஹபன்!" என்று எனக்குப் பின்னால் ஒரு சிங்களக் கிழவி கூவினாள். யாரை அடிக்கச் சொன்னாளோ தெரியாது. கொழுந்தன் விழவில்லை. கடைசி மணி வரை நின்றான். ஆனால் மணிலாக்காரனின் கையைத்தான் தூக்கினார்கள்.

அப்போது நடந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கல் முதலாளி ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். கொழுந்தன் திரும்பவில்லை. ஒரு கண் மூடிப்போயிருந்தது, மறு கண்ணில் ரத்தம். முழங்கையால் அதைத் துடைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் பக்கமாகத் தேடினான். ஒவ்வொரு முகமாகத் தேடினான். என்னைத் தாண்டிப் போய் அவளைக் கண்டதும் உறை போட்ட கையைக் கொஞ்சம் உயர்த்தினான். அவள் எழுந்து நின்று முந்தானையை உயர்த்திக் காட்டினாள். கடலைப் பருப்பெல்லாம் தரையில் கொட்டியது.

செருப்புக்கும் சேலைக்கும் நான் பட்ட பொறாமையெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. இது வேறு பொறாமை. என்னை ஒருத்தர் இப்படிக் கூட்டத்தில் தேடியதே இல்லை. என் புருஷன் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். "ரயிலுக்கு நேரமாச்சு புள்ள. நட" என்றார்.

ஓரகத்தி அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எனக்கு வாய் அடங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க மட்டும் துரை கால்ல விழாம இருந்திருந்தா, இன்னைக்கு அந்தக் கயித்துக்குள்ள நீங்க நின்னுருப்பீங்க."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "உன் வயித்துல புள்ள இருந்துச்சு. துரை தோட்டத்த விட்டுப் பத்திவிட்டிருந்தா எங்க போயி நிக்கிறது? தம்பிக்குப் புள்ள இல்ல. அவன் எந்திரிச்சு நிக்கலாம்."

அவர் சொன்னது சரிதான். எனக்காகத்தான் விழுந்திருக்கிறார். ஆனால் அந்தச் சொல் என்னை ஆற்றவில்லை. எனக்காக ஒருத்தர் காலில் விழுந்ததை விட, எனக்காக ஒருத்தர் கையைத் தூக்கிக் காட்டுவதைத்தான் மனசு கேட்டது. மனசுக்கு நியாயம் தெரியுமா என்ன?

கொழுந்தனுக்கு அந்தக் கண் தேறவில்லை. கல் முதலாளி வேறு ஆளைத் தேடிக்கொண்டார். சின்னத் துரையும் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அவன் தோட்டத்துக்கே திரும்பி வந்து கங்காணியிடம் பேர் பதியச் சொன்னான். லயத்தில் சிலர் ஆறுதல் சொன்னார்கள், சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நானும் சிரித்தவள்தான். இனி நீயும் நானும் ஒன்றுதான் என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பால் வெட்டுவதற்கு இரண்டு கண்ணும் வேண்டும். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுப் போகும். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியவில்லை. அவன் வெட்டிய மரங்களைக் காட்டிக் கங்காணி தாறுமாறாக ஏசினார். மறுநாளிலிருந்து அவள் தன் மரங்களையும் அவன் மரங்களையும் சேர்த்து வெட்டினாள். அவன் பின்னாலேயே வந்து சிரட்டையிலிருந்து வாளியில் பால் ஊற்றினான். சரிவில் இறங்கும்போது அவள் தோளில் கை வைத்துக்கொள்வான்.

எங்கள் மரங்கள் ஓடைக்கு இந்தப் பக்கம், அவர்களுடையது அந்தப் பக்கம். விடிந்தும் விடியாத நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நானும் என் புருஷனும் ஆளுக்கொரு வரிசையில் பேசாமல் வெட்டிக்கொண்டிருப்போம். ஒருநாள் பொறுக்க முடியாமல், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவளைக் கேட்டேன்.

"அப்படி என்னதான்டி சிரிக்கிறீங்க, காலங்காத்தால?"

"ஒண்ணுமில்லக்கா. ரங்கூன்ல ஒருத்தன் சண்டைக்கு முந்தி சாமி கும்பிட்டுட்டு, கண்ணத் தொறக்குறதுக்குள்ள மணி அடிச்சிருச்சாம். அத மரத்துக்கு முன்னால நின்னு செஞ்சு காட்டுறாரு." சொல்லும்போதே திரும்பவும் சிரித்தாள். "அக்கா, ஒத்தக் கண்ணோட அவரு செய்யிறதப் பாக்கணுமே!"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு என் புருஷனிடம், "ஏதாவது பேசுங்களேன்" என்றேன். "என்ன பேசுறது?" என்றார். யோசித்துப் பார்த்தார். பாவம், உண்மையிலேயே யோசித்தார். "நாளைக்கு மழ வரும் போல" என்றார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். இரண்டு பேரும் பேர் பதிந்து ஒருத்தர் மட்டும் வெட்டுகிறவர்களை முதலில் நிறுத்தினார்கள். அவர்கள் இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு இறங்கினார்கள். எங்கள் பேர் தப்பியது. என் புருஷன் அவர்களோடு ரோடு வரை போய்விட்டு வந்து, அந்தக் கைவிளக்கை முதல்முதலாக ஏற்றி வைத்தார்.

நடுத்தெருவில் நிற்பார்கள் என்று நினைத்தேன். இரத்தினபுரி ரோட்டோரமாக ஓலை போட்டு ஒரு தேத்தண்ணிக் கடை வைத்தார்கள். பஸ்காரர்கள் நிறுத்திப் போனார்கள். "முதலாளி, அர மணிலாக்காரயாகே கதாவ கியன்ன" என்று, அந்த மணிலாக்காரன் கதையைச் சொல்லச் சொல்லிச் சிங்களத்தில் கேட்பார்கள். அவன் தோற்ற கதையையே, தோற்றவன் மாதிரி இல்லாமல், எழுந்து நின்று கையை வீசிச் சொல்வான். அவள் அடுப்படியிலிருந்து, "அது இடது கை, வலது கை இல்ல" என்று திருத்துவாள்.

ஒருநாள் டவுனுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கா, வாங்க, வாங்க!" என்று ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தாள். கிளிப்பச்சைச் சேலை நைந்து, அடுப்புத் துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடைய சந்தனச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அதற்குக்கூட எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

"மதினி, அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கொழுந்தன் கேட்டான். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான்.

"இருக்காரு" என்றேன்.

அவள் சுடச்சுட ஆப்பம் எடுத்துவைத்தாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு மாதிரி. அப்படி ஒரு ஆப்பத்தை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"கொஞ்சம் உப்புக் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.