கொழும்பு மாநாட்டுக்கு ஒரு வாழைத்தார்

சினிமா விளம்பரம் சொல்கிறவனுக்குச் சிங்கத் தொண்டை வேண்டும் என்பார்கள், எனக்கு வாய்த்ததோ பக்கத்தில் நிற்பவரே "என்ன?" என்று கேட்கும் குரல். அதையும் ஒரு குரல் என்று நம்பி, கையில் மைக்கைக் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டார் பண்ணைக்காட்டு டூரிங் கொட்டகை முதலாளி ராவுத்தர். டிக்கெட் வரிசையில் சட்டை கிழிபட்ட ரசிகப் பெருமக்களே, என் பாடு உங்களுக்குப் புரியாமல் போகாது.

பெரும்பாறையில் நின்றுபோன கைகள்

மற்ற ஊர் விளம்பரக்காரர்கள் "வாருங்கள், காணுங்கள், களியுங்கள்!" என்று முழங்குவார்கள். நான் முழங்கினால் இருமல்தான் வரும். அதனால் தாத்தாவும் பாட்டியும் எனக்குச் சொன்ன தோரணையில், படத்தின் கதையையே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவேன். பயமான இடம் வந்தால் குரலை இன்னும் இறக்குவேன். முக்கியமான கட்டத்தில் டக்கென்று நிறுத்திவிட வேண்டும், மீதிக்குத்தானே டிக்கெட்!

ஒருநாள் பெரும்பாறை காப்பித் தோட்டத்து ஓரம் ஜீப் நின்றது. கதாநாயகியைப் பாம்பு கடித்தது, வைத்தியர் கைவிரித்தார் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காள் கூடையோடு ஓடிவந்து ஜீப்பை மறித்தாள். பின்னாலேயே மேஸ்திரி கத்திக்கொண்டு வந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏப்பா, அந்தப் புள்ள பொழச்சாளா இல்லையா, ஒத்தச் சொல்லு சொல்லிட்டுப் போ. கை ஓடமாட்டேங்குது!"

பனி பார்த்த படம்

எங்கள் கொட்டகைக்கு மூன்று பக்கம்தான் தட்டி. நாலாவது பக்கம் பனி தன் இஷ்டத்துக்கு வரும், போகும். ஒரு மழைக்காலத்தில் கடைசிச் சண்டை தொடங்கும் நேரம் பார்த்து உள்ளே புகுந்து, மிஷினுக்கும் திரைக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கத்தி மோதுகிற சத்தம் கேட்கிறது; கத்தியையும் காணோம், ஆளையும் காணோம். சனம் எழுந்து நின்று காசைத் திருப்பிக் கேட்டது.

ராவுத்தர் மைக்கை என் கையில் திணித்தார். அந்தப் படத்தை நான் தினமும் பார்த்தவன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே, இப்போது படியில் ஏறுகிறார், இப்போது விளக்குச் சங்கிலியில் தொங்குகிறார் என்று சொல்லச் சொல்ல, நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். படத்தில் இல்லாத இரண்டு குத்துகளும் விழுந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. படம் முடிந்ததும், மலைமேலிருந்து பூண்டு மூட்டையோடு வந்திருந்த ஒரு பெரியவர் ராவுத்தரிடம் போனார். "நாளைக்கும் பனி வருமா ராவுத்தரே? வரும்னா சொல்லுங்க, வீட்டுச் சனத்தையும் கூட்டியாறேன்."

தார் வெட்டிய அன்று

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு முந்தின வருஷம். எங்கள் அபிமான நடிகருக்குக் கொழும்பு ரசிகர்கள் மாநாடு கூட்டினார்கள். அவரே வருகிறார் என்று சேதி வந்தது. எங்கள் மலை ரசிகர் மன்றத்திலிருந்தும் ஒரு ஆள் போகவேண்டும் என்று முடிவாயிற்று. ராவுத்தருடைய மச்சானுக்குக் கொழும்பில் மளிகைக்கடை. பாஸ்போர்ட், விசா அலைச்சலை ராவுத்தரே ஏற்றுக்கொண்டார், தன் ஆளைத்தான் அனுப்புவேன் என்ற நிபந்தனையோடு. அப்படித்தான் சீட்டு என் பேருக்கு விழுந்தது.

மன்றத் தலைவர் கருப்பையா அண்ணன் மலைவாழை போட்டிருந்தார். தோட்டம் முழுக்கத் தேடி, மாநாட்டன்று பழுக்கிற பதத்தில் ஒரு தாரை வெட்டி, காய்ந்த சருகில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பது போல என் மடியில் வைத்தார். பஸ் புறப்படுகிற நேரத்தில் சன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏலே, இது அவர் கைக்குப் போய்ச் சேரணும். சேரலைன்னா இந்தப் பக்கம் தலைகாட்டாதே, அப்படியே அங்கனக்குள்ளயே தேயிலை பறிக்கப் போயிரு!"

கடல் தாண்டாத பழம்

கடல் தாண்டிப் போகிற அவசரத்தில் ஊறுகாய் ஜாடியைப் பறிகொடுத்தவர்கள் உங்களில் இருந்தால் இதைப் படித்து ஆறுதலடையுங்கள். தனுஷ்கோடித் துறையில் கப்பலேறுவதற்கு முன்னால் சுங்கக்காரர் சருகைப் பிரித்தார். செடி, விதை, பழம் எதுவும் அக்கரைக்குப் போகக்கூடாதாம். நடிகர் பெயரைச் சொன்னேன். தானும் அவர் ரசிகன்தான் என்றார், ஆனால் தாரை விடவில்லை. கருப்பையா அண்ணன் முகம் கண்முன்னால் வந்து நின்றது.

கடலில் எறிய மனம் வரவில்லை. ரயில் சூட்டில் பாதித் தார் அவசரப்பட்டுப் பழுத்திருந்தது. பிரயாணிகளுக்கெல்லாம் பிய்த்துக் கொடுத்தேன். வாசனை துறை முழுக்கப் பரவியது. கடைசியில் சுங்கக்காரரும் கையை நீட்டினார். நான் பார்த்த பார்வையில் அவருக்கு ஏதோ தைத்திருக்க வேண்டும். தோலை உரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன தம்பி பாக்குறீங்க? கடல் தாண்டக் கூடாதுன்னுதான் சட்டம். தொண்டையைத் தாண்டலாம்."

மச்சான் வீட்டுச் சாப்பாடு

கொழும்பில் ராவுத்தர் மச்சான் வீட்டில் சோறு இறங்கவில்லை. மதுரை மன்றத்தார் வெள்ளி வாள் கொண்டுவந்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் சந்தன மாலை என்றெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மேடையில் ஒவ்வொரு மன்றமாகப் பேர் சொல்லிப் பரிசோடு கூப்பிடுவார்களாம். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறவேண்டும்.

மச்சானிடம் புலம்பித் தீர்த்தேன். அவர் கறியை அள்ளி வைத்தபடியே, நடிகருடைய புதுப் படத்தை நீங்கள் பார்த்தாயிற்றா என்றார். பார்க்காமல் என்ன, எங்கள் கொட்டகையில் ஓடிக்கொண்டிருக்கிற படம்தானே என்றேன். உள்கட்டில் வளையல் சத்தம் நின்றது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார் மச்சான். "பழம் கெடக்கட்டும் தம்பி! அந்தப் படம் இங்க எப்ப வருமோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நீங்க கதையைச் சொல்லுங்க!"

மேடையில் ஒரு உம்

மாநாட்டுப் பந்தலில் தலைக்கு மேல் தலை. நடிகர் கார் கூட்டத்தில் சிக்கிக்கொண்டது என்று சொல்லி, பரிசுகளை முதலில் அறிவித்தார்கள். வாள் மின்னியது, மாலை மணத்தது. அப்புறம் எங்கள் மன்றத்தின் பேர். "பரிசு என்ன?" என்றார் மாநாட்டுச் செயலாளர். பழம் தனுஷ்கோடியிலேயே பலர் வயிற்றில் இறங்கிவிட்டது என்றேன். பந்தலே சிரித்தது. "அப்ப நீங்களும் இறங்குங்க" என்றார் அவர். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "புதுப் படத்துக் கதை கொண்டாந்திருக்கேங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

கதை கேட்டே வளர்ந்தவனுக்கு ஒரு சீக்கு உண்டு: யாராவது உம் கொட்டினால்தான் வாய் நகரும். அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருவரும் உம் கொட்டக் காணோம். கோட்டைக் கதவு திறந்த இடத்திலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கனத்த "ம்ம்…" வந்தது. செயலாளர் மனமிரங்கிவிட்டார் என்று நினைத்து, திரும்பாமலேயே கோட்டைக்குள் புகுந்தேன். உம் சரியான இடத்தில் விழ விழ, என் குரல் இறங்க, பந்தல் குண்டூசிச் சத்தம் இல்லாமல் கேட்டது. தொங்குபாலத்தின் கயிற்றை எதிரி அறுக்கிறான்; கதாநாயகன் ஒற்றைக் கையில் தொங்குகிறான். தொழில் பழக்கம், அங்கே நிறுத்திவிட்டேன்.

கூட்டம் எழுந்து கூச்சல் போட்டது. கதைக்காக என்று நினைத்தேன். எல்லோருடைய கண்ணும் எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பினேன். எங்கள் நடிகர்! எவ்வளவு நேரமாக நின்றாரோ. கூட்டத்தைக் கையமர்த்திவிட்டு, கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி எனக்குப் போட்டு, என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நிறுத்தாதீங்க தம்பி. அப்புறம் நான் என்ன செஞ்சேன்?"

ஊர் திரும்பியபோது கருப்பையா அண்ணன் என்னைத் துரத்தவில்லைதான். ஆனால் கண்ணில் படுகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்து மாநாட்டுக் கதையை முதலிலிருந்து என்னைச் சொல்லச் சொல்கிறார், அதற்குத் தேயிலை பறிக்கவே போயிருக்கலாம்.