அண்ணன் வாங்கிய அசல் சிடி

அலமாரியை ஒழிக்கும்போது கிடைத்த விளையாட்டு சிடியின் பெட்டியைத் திறந்ததும் அதே பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. மலேசியாவில், எங்கள் குளுவாங் வீட்டுப் பின்னறையில், இரைச்சல் போடும் கணினிக்கு முன்னால், அண்ணனுக்குப் பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஊர் கட்டும் விளையாட்டை அவன் சிங்கப்பூர் ஃபேக்டரியில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கினான். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கள்ள சிடி மலிவாகக் கிடைக்குமே என்றேன். "அசல் வாங்கினாத்தான் கடைசி வரைக்கும் இருக்கும்லா," என்றான். ஒவ்வொரு முறையும் அந்த விளையாட்டு, தான் அசல்தானா என்று இணையம் வழியாகத் தன் கம்பெனியைக் கேட்டு, அங்கிருந்து சரி என்று பதில் வந்த பிறகே திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தண்டவாளம் போட, நான் மரம் நட, திரைக்குள் கூவும் ரயிலும் வீட்டுக்குப் பின்னால் கூவும் ரயிலும் ஒன்றாகிப்போக, அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை அந்த ஊரிலேயே குடியிருந்தோம். ஸ்டேஷனுக்கு எதிரே எனக்கொரு மஞ்சள் வீடு, பக்கத்தில் அவனுக்கு ஒன்று. அங்கே பொழுது சாயும்போது இரண்டிலும் விளக்கு எரியும்.

சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிற வழியில் அண்ணன் விபத்தில் இறந்து பல வருடமாகிறது. நாங்கள் கட்டிய ஊரைச் சேமித்த கணினிக் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்று சிடியைப் போட்டேன். வழக்கம்போலக் கம்பெனியைக் கேட்டது. பதில் சொல்ல வேண்டிய சர்வரை எப்போதோ மூடிவிட்டார்களாம்.

கள்ள சிடி யாரையும் கேட்காது. அதை வாங்கியிருந்தால் இந்நேரம் அண்ணன் வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்.