யோகமலர் கேட்ட சிவப்பு மா

யோகமலர் அன்ரி குரக்கன் என்கிற கேழ்வரகு மாவைக் குழைக்கும் முன் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுப் பார்ப்பார். "மண் கடிபடுதோ எண்டு பாக்கிறன்" என்பார். பிறகு கொதிநீரைத் தெளித்து, அகப்பைக் காம்பால் நாலு சுற்றுச் சுற்றி, ஆவி அடங்க முன்னமே கையை விட்டுவிடுவார். ஹோட்டல் சமையலறையில் பழுத்த கை. கையுறையை நீட்டினால் வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். "கிளவுஸ் போட்டுப் புட்டுக் குழைக்கிறதெண்டால் நான் வீட்டிலை படுத்திருப்பன்!"

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்னில் அவருடைய அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் அயலவர் கூடிச் சமைத்து உண்ணும் இந்தச் சாப்பாடு. ஓர் அடுப்பில் புட்டு. பக்கத்து அடுப்பில் அதே மாவில் அகெல்லோ கிண்டும் களி. அகெல்லோ உகண்டாவில் பிறந்தவர், ஆறாம் மாடி, முதியோரைப் பராமரிக்கும் வேலை. களியைக் கச்சான், அதாவது நிலக்கடலைக் குழம்பில் தோய்த்து விழுங்குவார். அன்ரி புட்டுக்கு மாம்பழம் பிசைவார். ஒருவர் சாப்பாட்டுக் கோப்பைக்குள் மற்றவர் கை தாராளமாகப் போய்வரும்.

சமைக்கவும் விற்கவும் மா வருவது அகெல்லோவின் அக்கா அமொங்கின் இருக்கும் ஊரின் பெண்கள் சங்கத்திலிருந்து. எல்லாம் கையகல நிலங்கள். அறுத்த தட்டையை எரிக்காமல் மண்ணுக்குப் போர்த்தி, இடையில் கௌபிப் பயறு போட்டு, களைத்துப்போன மண்ணை மெல்ல மெல்லத் தேற்றியவர்கள். குரக்கனிலும் பல விதைகளைக் கலந்தே விதைப்பார்கள். ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தும், ஒன்று மழை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். எது கூட விளைகிறதோ அதைப் பொறுத்து மாவும் ஒருமுறை கறுப்பாக வரும், ஒருமுறை சிவப்பாக வரும்.

இங்கேதான் நம் சனத்தின் மூக்கு நீண்டது. தொலைவில் ஸ்ரௌவ்வில் நகரிலிருந்து காரில் வந்து பை பையாக மா வாங்கிப் போனவர்கள், "போன முறை மாதிரி இல்லையே அக்கா, உதுக்குள்ளை என்னவோ கலந்திருக்கினம்" என்று தொடங்கினார்கள். கலப்படம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், நாங்கள் கோயில் பிரசாதத்தையும் மோந்து பார்க்கிற ஆட்கள். வாங்குவதை நிறுத்திவிடுவார்களோ என்று அன்ரி பதறிப்போனார். சிவப்பு விதை மட்டும் போடுங்கோ, வேறொன்றும் கலக்க வேண்டாம் என்று அகெல்லோ மூலம் சொல்லியனுப்பினார்.

சங்கத்தில் முணுமுணுத்தார்களாம். எங்கள் தங்கையோடு ஒரே கோப்பையில் சாப்பிடுகிறவள் கேட்கிறாள் என்று அமொங்கின்தான் எல்லோரையும் இணங்க வைத்தார். அந்தப் போகம் மழை பாதியில் நின்றுவிட்டது. எல்லாம் ஒரே விதை, ஒரே வயது. கதிர் தள்ளுகிற நேரத்தில் ஒன்றாகவே கருகின. வழக்கம்போல் கலந்து விதைத்த அயலூரில் அரைவாசியாவது தேறியது. செய்தி வந்த பிறகு கூடிய சனிக்கிழமை, அடுப்படியில் அன்ரி என்னிடம் சொன்னார்:

"நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சொல்லுவினம், பிள்ளை. அது தன்னைத்தானே கெடுக்குது. நான் என்ரை வாயாலை அந்தப் பொம்பிளையளைக் கெடுத்துப்போட்டன்."

மழை நின்றதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அன்ரி என்றேன்.

"மழையை விடு. விதையை மாத்தச் சொன்னது ஆர்? ஏன் கலக்கிறியள் எண்டு ஒரு வார்த்தை கேட்டனானோ? கேக்கேல்லையே!"

பாவம், அவர் அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். தகரப் பேணியின் விளிம்பால் புட்டு மாவைக் கொத்திக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டின் நடுவில் அகெல்லோவின் போன் அடித்தது. திரையில் அமொங்கின், மெலிந்துபோய், ஆனால் சிரித்தபடி. அடுத்த மழைக்கென்று அயலூரில் கேட்டு வாங்கிய விதை கொஞ்சம் கிடைத்திருக்கிறது. ஒரு கையில் சிவப்பு, மற்றக் கையில் கறுப்பு, இரண்டையும் திரைக்கு அருகே நீட்டி ஏதோ கேட்டார். அகெல்லோ தயங்கித் தயங்கி அன்ரிக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: உங்கள் ஆட்களுக்கு எதை விதைக்கட்டும் என்று அக்கா கேட்கிறாள்.

"சிவப்பு, சிவப்பு!" என்று மா வாங்க வந்த ஒருவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

அன்ரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. போனுக்கு முன்னால் போய் நின்று, தன் வெறுங்கைகள் இரண்டையும் ஏந்திக் காட்டினார். பிறகு ஒன்றை மற்றதன்மேல் கவிழ்த்து இறுக்கிப் பிடித்தார். திரையில் விதை ஏந்திய அமொங்கினின் கைகளும் அப்படியே சேரும்வரை அவற்றைப் பிரிக்கவேயில்லை.