சரிங்க சமதின் இடதுகால்

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தேங்காய் வியாபாரி அப்துல் சமது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'சரிங்க சமது' என்று கேட்டால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். யார் எதைக் கேட்டாலும் மனிதர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் 'சரிங்க' சொல்லிவிட்டு வந்த புண்ணியவான் அவர். பெரியவர்கள் ஒரு வீட்டைச் சமாதானப்படுத்திவிட்டுச் சபியாவைக் கட்டிவைத்தார்கள். பிடித்துக் கட்டினாரா, மறுக்கத் தெரியாமல் கட்டினாரா என்பது பேரன் எடுத்த பிறகும் அவளுக்குத் தெரியாது.

இப்போது கால் விஷயத்திலும் அதே கூத்து. சர்க்கரையில் இடது பாதம் கறுத்துவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் ஜோபி காலையில் சொன்னார். சரிங்க என்றார் சமது. மதியம் தம்பி ஜுனைத் ஆஸ்பத்திரிக்கு வந்து, எடுக்கவே வேண்டாம், நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போடலாம் என்றான். அதற்கும் சரி. அவன் வேனையே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

ஜுனைதை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார். இந்த மனிதருக்கு நிலைமை புரிகிறதா, தானே முடிவெடுக்க முடிகிறதா என்று அவர் பார்த்தாக வேண்டும்.

"காலை எடுத்தா என்ன ஆகும், எடுக்கலைன்னா என்ன ஆகும்? உங்க வாயால சொல்லுங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"நல்லதுதானுங்க சொன்னீங்க."

சபியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, அறுக்கறதுக்கும் சரி, அறுக்காததுக்கும் சரின்னா, அவரு பாதிக் காலையா அறுப்பாரு?"

சமது அதற்கும் தலையாட்டினார். சபியாவுக்கு அந்தத் தலையைப் பிடித்து நிறுத்தலாம் போலிருந்தது.

டாக்டரும் பொறுமை இழந்தார். "இவரால முடிவெடுக்க முடியலைன்னுதான் நான் எழுதணும். எடுக்கறதா வேண்டாமான்னு இனி நீங்கதான்மா சொல்லணும்."

அவள் வாய் திறப்பதற்குள், "வேண்டாமுங்க" என்றார் சமது.

"எது வேண்டாம்?"

"அவளைக் கேக்க வேண்டாமுங்க. எடுக்கலைன்னா விசம் மேல ஏறி நான் செத்துருவனுங்க. எடுத்தாலும் புண்ணு ஆறாமப் போலாம், ஆறுனா கட்டைக்கால்ல நடக்கோணும். எது ஆனாலும், தான் சொல்லித்தான் இப்பிடி ஆச்சுன்னு இவ காலம் பூரா அழுவா. எடுத்துருங்க, நான் சொல்றனுங்க. ஜுனைதுகிட்ட முடியாதுன்னு நானே சொல்லிக்கறேன்."

சபியாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுக்கத் தெரிந்த மனிதரோடா இத்தனை வருஷம் மல்லுக்கட்டினாள்?

"அப்ப அன்னைக்குப் பொண்ணு பாக்கப் போன அந்த இன்னொரு ஊட்டுல மட்டும் ஏனுங்க சரின்னீங்க?"

"அது மொதல்ல பாத்த ஊடு. உன்னையப் பாத்துட்டு வந்தப்பறம், அது வேண்டாம்னு என்னையப் பெத்த அத்தாகிட்ட நான்தான் சொன்னேன்."

"இத்தனை வருசமா ஏன் சொல்லலீங்க?"

"நீ கேக்கலையே."

சபியா அவருடைய நல்ல காலில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டு, அதே காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.