பாலத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா

அரசியல்வாதிகள் தேர்தலில் சொன்னதைச் செய்வதே இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதில்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. கொல்லிமலையில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவி கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிடக் கூடாது என்று அம்மனிடம் போய் வேண்டிக்கொண்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தத் தலைவி என் சொந்த அத்தை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். ஏணி போட்டு ஏறினால் இரண்டு ஆண்கள் பறிக்கும் மிளகை ஒருத்தியாகப் பறித்துவிட்டு இறங்குவாள். அந்தத் தடவை தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்ததும் ஊர் ஆண்கள் கூடிப் பேசி, “அக்கா பேருக்கு நின்னாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று அவளை நிறுத்தினார்கள். மற்றதெல்லாம் என்றால் என்னவென்று அத்தை கேட்கவில்லை. அவர்களும் சொல்லி வைக்கவில்லை.

ஓட்டுக் கேட்க ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஊருக்கு அவள் போனபோது நானும் போனேன். நான் போனால் சுட்டியும் வரும். நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாக்குட்டி அது. தாய் ஆடு செத்துப்போனதால் புட்டியில் பால் ஊற்றி நான்தான் வளர்த்தேன். பள்ளிக்கூட வாசல் வரை வந்து, மணி அடித்ததும் ஏதோ கடமை முடிந்ததுபோலத் திரும்பிப் போகும்.

அக்கரையில் ஆட்கள் மரியாதையாகத்தான் கூடினார்கள். அத்தை பாலம் என்று சொன்னதும் ஒரு பெரியவர் எழுந்து நின்றார்.

“பாலமுங்களா? எங்கப்பன் காலத்துல இருந்தே கட்டிக்கிட்டுத்தான் இருக்கறாங்க. ஓட்டுப் பெட்டிய மூடுனா பாலமும் காணோம், ஆளும் காணோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முந்தைய ஐப்பசியில் அவருடைய மருமகளைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கி வந்தபோது ஓடையில் வெள்ளம். தண்ணீர் வடியட்டும் என்று விடியும் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. மலையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது.

அத்தை அங்கிருந்து எழுந்தாள். பிறகு ஒரு வீட்டில் மஞ்சள் வாங்கிக் குழைத்து, தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து நனைத்து, என் காலடியில் நின்ற சுட்டியின் கழுத்தில் கட்டினாள்.

“நம்ம பஞ்சாயத்துக்கு மொத மொதல்ல வர்ற கவுர்மெண்டுப் பணம் இந்த ஓடைக்குத்தானுங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடிச் செவுரோட பாலம். அது முடியற அன்னிக்கு இந்தக் கெடாய அம்மனுக்கு வெட்டறேன். அதுவரைக்கும் இது உங்க கண்ணு முன்னாலயே திரியட்டும்.”

ஊருக்கு வாக்குக் கொடுக்கிறவர்கள் அடுத்தவர் பொருளை எடுத்துத்தான் கொடுப்பார்கள் என்பதைப் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது அன்றைக்குத்தான், பொருளும் என்னுடையது.

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அழுவாத கண்ணு. நம்ம ஊட்டுல நல்லதுன்னு சொல்ல அது ஒண்ணுதான இருக்குது? நோஞ்சான நேந்துவிட்டா வாக்கும் நோஞ்சானாத்தான் இருக்கும்” என்றாள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. அப்பா சொன்னதுதான் சமாதானமாக இருந்தது. “பாலமாவது வர்றதாவது. உன்ற ஆடு கெழடு தட்டித்தான் சாவும், போய்ப் படு” என்றார். அரசாங்கத்தை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அத்தை ஜெயித்தாள். சுட்டியும் வளர்ந்தது.

நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கவும் கூடாது. அம்மன் சொத்து அது. இந்தச் சட்டம் சுட்டிக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. சாமைக் காட்டில் இறங்கும், அவரைப் பந்தலை இழுத்துப் போடும், பிஞ்சு மிளகுக் கொடியை நுனியோடு கடிக்கும். பலாச்சுளை உரித்து வைத்துவிட்டு ஒருத்தி உள்ளே போய்த் திரும்பினால் கொட்டைதான் கிடக்கும். யாரும் கல்லெடுக்க முடியாது, கையைக் கூப்பி “போ சாமி, போ” என்று கெஞ்சத்தான் முடியும். நாளாக நாளாக அதற்குச் சுட்டி என்ற பெயரே மறந்து, ஊரில் எல்லோரும் ‘பாலம்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். “பாலம் வருது, படலைச் சாத்து” என்று ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குரல் போகும். “தலைவரம்மா, உங்க பாலம் எங்க அவரையத் தின்னுபோட்டுது” என்று வாசலில் வந்து நிற்பார்கள். அத்தை இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் ஆட்டைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பியிருப்பார். அத்தையோ, “தின்னட்டுமுங்க, அப்பத்தான் நான் சொன்னது உங்களுக்கும் மறக்காது, எனக்கும் மறக்காது” என்பாள்.

முதல் பணம் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று நான் நேராக அம்மன் கோயிலுக்குப் போனேன். பாலம் வராமல் செய்தால் என் இரண்டு கொலுசையும் உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மன் பாடு திண்டாட்டம்தான்.

எனக்குத் துணையாக எங்கள் ஊரே இருந்தது. ஜனவரியில் நடந்த கிராம சபையில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும், அப்பா உட்பட, முதல் பணத்தில் கோயில் வரைக்கும் சிமெண்ட் ரோடு போட வேண்டும் என்றார்கள். பாலம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமாம். “சொந்த ஊரு சேத்துல கெடக்குது, அக்கரைக்குப் பாலமா?” என்று அப்பா எல்லோர் முன்னிலும் கேட்டார். அத்தை தலை குனிந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுட்டி கூட்டத்துக்குள் நுழைந்து, மேசையில் இருந்த மாலையைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும். அத்தை மட்டும் சிரிக்காமல் எழுந்தாள்.

“நான் மாறிக்கிறேனுங்க. ஆனா நான் வாக்குக் குடுத்தது அக்கரைக்கும் அம்மனுக்கும். அடுத்த வருசம் பாத்துக்கலாமுன்னு அது கழுத்துல இருக்கற மஞ்சத் துணிய யாராச்சும் அவுத்துடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

சுட்டி மாலையை மென்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. யாரும் எழவில்லை. அப்பாகூட வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். பாலத்துக்குத் தீர்மானம் எழுதினார்கள். நானாவது போய் அவிழ்த்திருக்கலாம். அம்மனுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆடி பிறப்பதற்குள் பாலம் எழும்பிவிட்டது. திறப்பு நாளுக்கு மலைக்குக் கீழே இருந்து கரைவேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் கார் போட்டு வந்தார். இரண்டு கரை ஜனமும் கூடியது. சுட்டியைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பாலத்து முனையில் நிறுத்தினார்கள். நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கிடாவை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பூசாரி தெளித்தார். சுட்டி சும்மா நின்றது. சொம்போடு ஊற்றினார். அப்போதும் சும்மா நின்றது. ஒன்றரை வருஷம் மலை மழையில் நனைந்து திரிந்த ஆட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஒரு பொருட்டா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குக் கூட்டம் அரண்டுபோனது. பெரிய மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஈரத்துல மரத்துப் போயிருக்குமுங்க, வெட்டிப்போடலாம்” என்று அக்கரைப் பெரியவரே சொன்னார். பாலம் வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

“வேண்டாமுங்க” என்றாள் அத்தை. “செவுரு ஒரு பக்கந்தான இருக்குது. ரெண்டு பக்கமுன்னு சொன்னவ நான்.”

அடியில் பாறை வந்து செலவு கூடிப்போனதால் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் நின்றுபோயிருந்தது. அங்கே கூடியிருந்த ஒருவருக்கும் அது குறையாகப் படவில்லை. “அதையெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க? முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போட்டோ எடுத்துக்கலாம் வாங்க” என்றார் பெரிய மனிதர்.

“முடியலீங்க. முடிஞ்சாச் சொல்லியனுப்பறேனுங்க.”

அவர் சாப்பிடாமலே காரில் ஏறினார். அம்மன் என் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மறுநாளே ஒரு கொலுசை உண்டியலில் போட்டேன். இன்னொன்றை, பாலம் அப்படியே நின்றுபோனால் போடுவதாக வைத்துக்கொண்டேன். தொலைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கியது தனி.

அதன் பிறகுதான் அத்தையின் திங்கட்கிழமைகள் தொடங்கின. திங்கள்தான் மேலதிகாரிகள் மனு வாங்கும் நாள். முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போய், கடைசி பஸ்ஸில் வருவாள். எந்த மரத்திலும் பயமில்லாமல் ஏறுகிறவளுக்குப் பஸ் மட்டும் ஆகாது. எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் குடல் வெளியே வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி முகம் கழுவி, ஒரு சோடா குடித்த பிறகுதான் அடுத்த பஸ் ஏறத் தெம்பு வருமாம். அதிகாரிகளிடம் போய் நின்றால் இந்த வருஷம் நிதி இல்லை என்பார்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு மலைக்கிராமத்தின் ஒற்றைச் சுவர் யாருக்கும் அவசரமாக இல்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வாடிய முகத்தோடு இறங்குவாள். ஊர் ஆண்கள், “இருக்கற பாலம் போதாதுன்னு செவுத்துக்கு அலையறா பாரு” என்று அவள் காதில் விழவே பேசுவார்கள். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். அம்மா மட்டும் சோறு எடுத்து வைப்பாள். நானும் சுட்டியும் பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருப்போம்.

“கெடைச்சுதா அத்தை?”

“இல்ல கண்ணு.”

அவ்வளவுதான், ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். முகத்தை நிமிர்த்திச் சிரிப்பேன். அவள் கைப்பையை நான் தூக்கிக்கொள்வேன். வீடு வரும் வரை கையை விட மாட்டேன். இன்னும் ஒரு வாரம் சுட்டி இருக்கும். அந்த மகிழ்ச்சியில் அவளுக்குக் கால்கூடப் பிடித்துவிட்டிருக்கிறேன். அத்தை என் தலையைத் தடவி, “சரி, அடுத்த வாரம் பாக்கலாம்” என்பாள். அது மட்டும் எனக்குப் பிடிக்காது.

ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை அவள் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு இறங்கினாள். நான் கேட்கும் முன்னே, “கெடைச்சுருச்சு கண்ணு!” என்றாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வயிறு வலிக்கிறது என்றேன். அவளும் பதறிப்போய், பஸ் மயக்கம் தெளியாமலே அடுப்பு மூட்டி எனக்கு ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

சுவர் முடிந்ததும் கரைவேட்டிக்காரருக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வரவில்லை. பூசாரி தெளித்த முதல் துளிக்கே சுட்டி உடம்பை உதறியது. இந்தத் துரோகத்தை நான் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை, மிளகுத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டேன். அது மேய்ந்த காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அத்தை முதல் பங்கு அனுப்பினாள் என்றும், அக்கரைப் பெரியவர் இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கச் சுவரையும் தொட முடியுமா என்று பார்த்தார் என்றும் பிறகு சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை. அத்தையும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். என்னைப்போலவே பொய் சொல்கிறாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பல நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அத்தை மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. இப்போது அவளுக்குத் தலை முழுக்க வெள்ளை. அந்தப் பாலத்தில் இன்று பள்ளிக்கூட வேன் போகிறது. இரண்டு சுவரும் அப்படியே இருக்கின்றன. இவ்வளவு ஆண்டுகளில் எத்தனையோ வாக்குறுதிகள் கேட்டுவிட்டேன். அவளைப்போல ஒருத்தியை நான் பார்க்கவில்லை, அவள் என் அத்தை என்பதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் புதிதாக நிற்கப்போகும் ஒரு பெண், அத்தையிடம் ஆசி வாங்க வீட்டுக்கு வந்தாள். ஒரு வருஷம் எப்படித்தான் விடாமல் அலைந்தீர்கள் என்று கேட்டாள். அத்தை என்னைக் கைகாட்டினாள்.

“வெறுங்கையோட வந்தா ஊரே மூஞ்சியத் திருப்பிக்குமுங்க, கூடப் பொறந்தவனுந்தான். இவ ஒருத்திதான் ஓடியாந்து கட்டிக்கிட்டு அப்படிச் சிரிப்பா. போதும், இனிமே அந்தப் பஸ்ஸே ஏறக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் எறங்குவேன். இவ மொகத்தப் பாத்ததும் அடுத்த திங்கக்கெழமையும் ஏறிருவேன்.”

அந்தப் பெண் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவைத்தேன். சுட்டி இன்னும் ஒரு வாரம் இருக்கும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அத்தையை மறுபடி மறுபடி பஸ் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.