இரண்டு தும்பிக்கை யானை

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வாசலிலிருந்து ஒரு நீண்ட நடைபாதை உள்ளே போகும். அது முடிந்து இடமும் வலமுமாகப் பிரிகிற இடத்தில், எதிர்ச் சுவரில் ஒரு யானை நிற்கிறது. முழங்கால் உயரம்தான் இருக்கும். சாம்பல் நிறம், இடப்பக்கம் பார்த்த முகம். குனிந்து உற்றுப் பார்த்தால், பின்புறத்தில் வாலை ஒட்டி, வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இன்னொரு தும்பிக்கை மங்கலாகத் தெரியும். வரைந்தவள் நான். இருபது வருடமாகத் தமிழ் வாத்தியார். ஓவியத்துக்கும் எனக்கும் வெகுதூரம்.

அந்த யானையை நினைத்தால் டோக்கன் அக்கா நினைவுக்கு வந்துவிடுவாள். வெளிநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுப்பது அவளுடைய வேலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். சன்னல் வழியாகக் கையை நீட்டிச் சீட்டைக் கொடுத்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், யார் தப்பான கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்று அவளுக்குக் கணக்காகத் தெரியும். இடப்பக்கம் திரும்பினால் அவசர சிகிச்சை. வலப்பக்கம் மருந்து கொடுக்கும் இடம், அதைத் தாண்டினால் வெளியே போகும் வாசல். நெஞ்சு வலிக்கிறவரைத் தூக்கிக்கொண்டு மருந்து வரிசையில் போய் நின்றவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்காக நாங்கள் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலை நாள் நடத்துகிறோம். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் வில்லுப்பாட்டு பாடுவார். பள்ளிப் பிள்ளைகள் ஆடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு போர்வையோ பிளாஸ்க்கோ பெயிண்ட் டப்பாவோ கொண்டு வர வேண்டும். அதுதான் நுழைவுச் சீட்டு. அப்படி ஒரு வருடம் பெயிண்ட் நிறையச் சேர்ந்துவிட்டது. வாசலிலிருந்து அவசர சிகிச்சை வரைக்கும் வரிசையாக யானைகள் வரைய வேண்டும், அதுவும் முழங்கால் உயரத்தில் என்றாள் டோக்கன் அக்கா.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய எழுத்தில், நல்ல தமிழில் பலகைகள் மேலே தொங்குகின்றன. வேண்டுமானால் இன்னும் பெரிதாக எழுதுவோம், இது எழுத்தறிந்த ஊர் என்று கூட்டத்தில் எழுந்து பேசினேன். அவள் சீட்டுக் கட்டைச் சரிசெய்வது போலக் கைகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “படிச்சவங்களுக்குப் போர்டு சரி டீச்சர். பயந்தவங்களுக்கு? அழுதுகிட்டு வாரவ அண்ணாந்தா பாப்பா? தரையத்தான் பாப்பா. அங்கன ஏதாவது இருக்கணும்லா?”

எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அடுத்த கலை நாளன்று காலை, யானை வரைய வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். மிச்சம் இருந்தது திருப்பத்தில் நிற்க வேண்டிய ஒற்றை யானைதான். சிறு வயதிலிருந்து எனக்கு வலப்பக்கம் பார்க்கும் யானை மட்டும்தான் வரும். அதையே வரைந்தேன். காது, தந்தம், நெற்றிப் பட்டம் எல்லாம் எனக்கே திருப்தியாக இருந்தது.

டோக்கன் அக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“டீச்சர், இது எங்க போகுது?”

“ஒரு யானை திரும்பிப் பார்த்தா என்ன? மத்ததெல்லாம் சரியாத்தானே போகுது” என்றேன்.

“ஓடியாரவன் மத்த யானையெல்லாம் எண்ணிக்கிட்டா வருவான்? திருப்பத்துல நிக்கது இது ஒண்ணுதான். இத நம்பி ஒருத்தன் புள்ளயத் தூக்கிட்டு வலதுபக்கம் ஓடிட்டாம்னா?”

நாளைக்குப் பார்க்கலாம் என்று தூரிகையைக் கழுவப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் பக்கத்து மைதானத்தில் வில்லுப்பாட்டு. அண்ணாச்சி நடுவில் கதையை நிறுத்தினார். “மத்த யானையெல்லாம் வைத்தியத்துக்கு உள்ள போகுது வே! நம்ம டீச்சர் யானை மட்டும் மாத்திரைய வாங்கிக்கிட்டு வீட்டப் பாத்துப் போகுது!” குடம் அடிப்பவர் உடனே, “டிஸ்சார்ஜ் ஆயிட்டோ?” என்றார். “ஆயிட்டு, ஆயிட்டு!” மைதானமே சிரித்தது. என் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோபத்தோடு தலையையும் தும்பிக்கையையும் வெள்ளையடித்து மறைத்தேன். வால் இருந்த இடத்தில் புதுத் தலையை வரைந்தேன். ஒரு பூச்சுதான் அடித்தேன், இரண்டாவது அடிக்கப் பொறுமை இல்லை. டோக்கன் அக்கா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ மட்டும் வாங்கி அனுப்பினாள். அந்த டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அவள் பணி ஓய்வு பெற்று, வள்ளியூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சென்ற வருடம் ஒரு காலை. என் மகள் பள்ளிக்குப் புறப்பட, வாய்க்கால் பக்கம் விறகடுக்கின் ஓரத்தில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்கப் போனாள். “அம்மா” என்று ஒரு சத்தம். நான் ஓடிப் பார்த்தபோது அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விறகுக்கடியில் இழுபட்டுப் போன வாலை நான் பார்த்தேன். கண்ணாடி விரியன் என்று பிறகு சொன்னார்கள்.

தெருவில் போன ஆட்டோவை மறித்தேன். ஓட்டியவர் ஊருக்குப் புதியவர். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவரே அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார், நான் பின்னால். நடைபாதையின் நடுவிலேயே கேட்கத் தொடங்கினார்: “எங்கனம்மா? சோத்தாங்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா?”

எத்தனையோ முறை நடந்த இடம் அது. மேலே பலகை தொங்கியது. அதில் எழுத்துகள் இருந்தன. ஒன்றுகூட எனக்குச் சொல்லாகவில்லை. ‘அ’ தெரிந்தது, அதற்கு அடுத்தது தெரியவில்லை. பிள்ளைகளை எழுத்துக்கூட்டச் சொல்லி அதட்டியவள் நான். “எங்கன, சொல்லுங்க!” என்று அவர் கத்தினார். என் கண் மகளின் காலைவிட்டு நகரவில்லை. வீங்கிக்கொண்டிருந்த அந்தக் கால் அவர் இடுப்புக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், சுவரில், சாம்பல் நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக யானைகள் என்னோடு உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“யானை போற பக்கம்!” என்று கத்தினேன். “யானை போற பக்கம் போங்க!”

திருப்பத்தில் ஒரே ஒரு யானை. அவர் அதைப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார்.

நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னார். அடுத்து வந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பு இல்லை. மகள் பிழைத்தாள், அது போதும். அவள் கண் திறந்து தண்ணீர் கேட்ட அன்று வள்ளியூருக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். டோக்கன் அக்கா முதலில் கேட்டது ஒன்றுதான்.

“எந்த யானை டீச்சர்?”

“என் யானைதான் அக்கா.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். “அப்ப அன்னைக்கு டீயையும் குடிச்சிருக்கலாம்லா.”

வீட்டுக்கு அனுப்பிய நாளில் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பைய நடந்து வந்தாள். யானையிடம் வந்ததும் மூச்சு வாங்க நின்று, குனிந்தாள். “அம்மா, இதுக்குப் பின்னாடியும் தும்பிக்கை இருக்கே. வெளிய போகச் சொல்லுது.” பிறகு, “ஆயிட்டு, ஆயிட்டு!” என்று வில்லுப்பாட்டு அண்ணாச்சியைப் போலவே சொன்னாள். மருந்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, நாங்கள் இருவரும் சிரித்தோம். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் எந்த ஆஸ்பத்திரியிலும் சிரித்ததில்லை.

இந்த வருடக் கலை நாளில் எல்லா யானைகளுக்கும் புது வண்ணம் அடித்தோம். தூரிகை பிடித்தவர்களில் என் மகளும் ஒருத்தி. டோக்கன் அக்கா காலைப் பேருந்தில் வள்ளியூரிலிருந்து வந்து இறங்கினாள். பழைய தும்பிக்கையை நன்றாக மறைத்துவிடலாம், யாராவது குழம்பிவிடப் போகிறார்கள் என்று நான்தான் பயந்துபோய்ச் சொன்னேன். இப்போதெல்லாம் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். மகள் சைக்கிள் எடுக்கும் முன் கம்பால் தரையைத் தட்டிவிட்டுத்தான் விடுகிறேன்.

டோக்கன் அக்கா சிரமப்பட்டுக் குனிந்து பார்த்தாள். “கெடக்கட்டும் டீச்சர். ஓடியாரவன் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. பைய நடந்து வீட்டுக்குப் போறவனுக்குத்தான் தெரியும்.”

அப்படியே விட்டோம். இம்முறை டீ வந்ததும் முதல் ஆளாக வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் மைதானத்துக்குப் புறப்படும்போது, மகள் முன்னால் வேகமாக நடந்து போக, நான் திருப்பத்தில் நின்று குனிந்து பார்த்தேன். வாலை ஒட்டி, பூச்சுக்கு அடியில், வெளியே போகும் வாசல் பக்கம் நீண்டிருந்தது அந்தத் தும்பிக்கை. எனக்கு நன்றாகவே தெரிந்தது.